தூண்டில் முள் போல ஒரு காசு



விடுமுறையில் தன்னாமுனைப் பிள்ளைகளும் ஏறாவூர்ப் பிள்ளைகளுமாக ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தோம். கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கி நடத்தும் பொருளாதார வரலாற்று நூதனசாலையைப் பார்ப்பதுதான் நோக்கம். பழைய காசுகளும் நாணயத் தாள்களும் அங்கே நிறைய உண்டு.

பிள்ளைகள் அதிக நேரம் நின்றது ஒரு வளைந்த வெள்ளிக் கம்பிக்கு முன்னால். "தூண்டில் முள்ளுதானே சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வாவிக்கரைப் பிள்ளைக்கு வேறெப்படித் தெரியும்! ஆனால் அதுவும் காசுதான். பெயர் லாரின்.

பாரசீகத்தின் தெற்கே லார் என்றொரு நகரம். அதன் பெயரால் வந்தது இந்தக் காசு. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் பாரசீக வளைகுடாவிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரை, மாலைதீவு, இலங்கை வரை வணிகர்கள் கையில் புழங்கியது. ஏறக்குறைய 5 கிராம் வெள்ளி. கம்பியை இரண்டாக மடித்து அரபு எழுத்து முத்திரை குத்துவார்கள். இலங்கையில் அதையே கொக்கியாக வளைத்தார்கள். மாலைதீவில் வேலை செய்யும் நம் தம்பிமாரைக் கேளுங்கள்: அங்கே இன்றும் 100 லாரி ஒரு ரூபியா.

நமக்கு வடக்கே கொட்டியாரத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இந்தக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசன் அனுமதித்திருந்ததால் யாரும் இதைச் செய்யலாம், விரும்பிய முத்திரையைக் குத்தலாம். அப்படியானால் கள்ளக் காசு வராதா? சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெண்மையாக வராவிட்டால் அது செல்லாது. முத்திரையை நம்பவில்லை, வெள்ளியைத்தான் நம்பினார்கள். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல் இருப்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அரசனின் சொந்தக் காசு, நாம் இன்றும் சொல்லும் 'பணம்'. மிகச் சிறியது. ஒரு ஸ்பானிய வெள்ளிக்கு 75 பணம் என்கிறார் நொக்ஸ். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரும் தங்கள் செப்புக் காசையும் அதன் பெயரையும் விட்டுப் போனார்கள். அந்த 'டொய்ட்'தான் நம் வாயில் 'துட்டு'.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம்? யார் இந்த மண்ணுக்கு முதலில் வந்தது, யாருடைய ஊர் என்ற வாதம் நம் பகுதியில் ஓய்வதில்லை. அந்த வெள்ளிக் கம்பியைப் பாருங்கள். பாரசீகத்துப் பெயர், அரபு எழுத்து, இலங்கையில் விழுந்த வளைவு. அது ஒரு கையில் மட்டும் இருந்த காசல்ல.

வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரா அல்-கஹ்ஃபில், குகைத் தோழர்கள் உணவு வாங்க ஒருவரை வெள்ளிக் காசுடன் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காசின் பழமைதான் அவர்கள் உறங்கிய காலத்தை ஊருக்குக் காட்டியது என்று தஃப்ஸீர்களில் வரும். காசு சாட்சி சொல்லும். ஆனால் எங்கே கிடைத்தது என்று தெரிந்தால்தான் அந்தச் சாட்சி முழுமையாகும். உருக்கிவிட்டால் அது வெறும் வெள்ளி.

ஆகவே ஒரு வேண்டுகோள். வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய காசு கிடைத்தால் நிறுவைக்கு விற்றுவிடாதீர்கள். புளி போட்டு மினுக்கவும் வேண்டாம். படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் அறிவிக்கத்தான் சொல்கிறது. வாப்பா, உம்மா, அப்பப்பா, அம்மம்மா பெட்டியில் வைத்திருக்கும் காசுகளா? அவை எப்படி வந்தன என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.