எதற்கெடுத்தாலும் 'கூடாது' என்றால் அபராதம்!

எல்லா ஆபீஸ் மீட்டிங்கிலும் ஒருவர் இருப்பார். யார் எதைச் சொன்னாலும் 'இது சரிப்படாது' என்பார். காரணம் கேட்டால் பதில் வராது, வேறு யோசனையும் வராது. இந்த மாதிரி ஆளை எப்படிச் சமாளிப்பது என்று மேனேஜ்மென்ட் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. சுமார் 1200 வருடங்களுக்கு முன்பே நெல்லைச் சீமையில் ஒரு ஊர்ச்சபை இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டது. அபராதம்!

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது மானூர். பாண்டியன் மாறஞ்சடையனின் 35-வது ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 800-ஐ ஒட்டி, இந்த ஊர் மகாசபை பறையறைந்து கூடி, கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கல்லில் வெட்டி வைத்தது. சபையில் வரும் எல்லா விஷயத்துக்கும் 'அன்று, அன்று' என்று சொல்லிக் குறுக்கே நிற்கக் கூடாது. இதற்குக் கல்வெட்டில் வரும் சொல் 'குத்துக்கால்'. என்ன பொருத்தமான சொல்! மீறினால் 5 காசு தண்டம். அவருக்குப் பக்கபலமாக நின்றவரும் தனியாக 5 காசு கட்ட வேண்டும்.

இதை 'எதிர்த்துப் பேசத் தடை' என்று படிக்கத் தேவையில்லை. ஒரு விஷயத்தை மறுப்பது வேறு, வந்த விஷயத்தை எல்லாம் மறுப்பது வேறு. கல்வெட்டு கண்டிப்பது இரண்டாவதைத்தான். ஆனால் எது மறுப்பு, எது குத்துக்கால் என்று தீர்மானிப்பதும் அதே சபைதானே? அங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வடக்கே உத்திரமேரூர் சபை வேறு பக்கமாக யோசித்தது. கூட்டத்தில் ஆளைத் திருத்துவதைவிட வாரியத்துக்குள் வரும்போதே வடிகட்டிவிடலாம் என்று. கி.பி. 919-ல் போட்ட விதிகள் போதவில்லை போலும், 921-லேயே திருத்தினார்கள். குறைந்தபட்ச வயது 30-லிருந்து 35 ஆனது. 30 குடும்புகளிலிருந்து குடவோலை, பதவிக்காலம் 360 நாள். குடத்திலிருந்து ஓலை எடுப்பது ஒன்றும் அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்!

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே முடியாது. அவர் மட்டுமா? பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மருமகன் என்று சொந்தக்காரர் பட்டியலே நீள்கிறது. கணக்கை ஒளித்தால் குடும்பமே வெளியே.

இரண்டுமே பிராமண ஊர்களின் சபைகள். மானூரில் பங்கு இருந்தாலும் வேதமும் தர்மமும் படித்துத் தேறினால்தான் இடம். உத்திரமேரூரில் பொதுவாகக் கால் வேலி நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும். அந்த நிலத்தில் உழுதவருக்கு அங்கே பேச்சே கிடையாது. கூட்டம் சுருக்கமாக முடிய இதுவும் ஒரு காரணம்.

1992-ல் நிறைவேறிய 73-வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, கிராம வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் இந்தக் கூட்டங்களை வருடத்துக்கு 6 முறை நடத்துவது என்று 2022-ல் அறிவித்தார்கள். திருத்தணி பக்கத்து ஊர்களிலும் மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்றால் கூட்டம் உண்டு. சத்தம் அதிகம், நேரமும் இழுக்கும். எழுந்து 'கூடாது' என்பவருக்கு அபராதம் மட்டும் கிடையாது.