டர்பைன் ஆற்றோரம், சுவிட்ச்கியர் மேட்டில்: மின்சார வரலாறு சொல்லும் பாதுகாப்புப் பாடம்



மலாயாவில் மின்சாரம் எப்போது வந்தது என்று கேட்டால், "1894, ரவாங்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் தண்ணீரின் கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

சிலாங்கூரின் ரவாங்கில் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும் ஈயச் சுரங்கம் நடத்தினார்கள். சுரங்க வேலைக்காக 1894-இல் மின்னாக்கியைப் பொருத்தினார்கள். சுரங்கக்காரருக்குப் பெரிய எதிரி குழியில் தேங்கும் தண்ணீர்தான். அதை இறைக்க மின்சாரம் உதவியது. ஆறே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1900-இல் பகாங், ரவுப் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்று நீரைக் கொண்டே மின்சாரம் எடுத்தது. 1905-இல் உலு கோம்பாக் நீர்மின் நிலையம் கோலாலம்பூருக்கு ஒளி தந்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நீர்மின் நிலையம் தண்ணீரை விட்டுத் தள்ளி இருக்க முடியாது. மின்சாரத்துக்கோ தண்ணீர் ஆகாது. 1926 டிசம்பரிலும் 1971 ஜனவரியிலும் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளங்களை நினைத்துப் பாருங்கள். ஆறு எப்போதும் ஒரே அளவில் ஓடாது.

"அப்படியென்றால் நிலையத்தையே மேட்டில் கட்டிவிட வேண்டியதுதானே?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 1 கன மீட்டர் நீர், 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, செயல்திறன் 80%. கிடைப்பது 9.81 × 1 × 20 × 0.8, அதாவது சுமார் 157 கிலோவாட். நீர்த்தாரை பாய்ந்து சுழலும் சக்கரத்தை 3 மீட்டர் உயர்த்தினால், விழும் உயரம் 17 மீட்டராகிவிடும். மின்சாரம் சுமார் 133 கிலோவாட்டாகக் குறையும். ஒவ்வொரு நாளும் 15% இழப்பு! அதனால் டர்பைன் கீழேதான் இருக்க வேண்டும்.

ஆனால் சுவிட்ச்கியர், மின்மாற்றி, கட்டுப்பாட்டுப் பலகை, பேட்டரி ஆகியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேபிள் போட்டால் மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். உற்பத்தி குறையாது. சிறிய நிலையங்களில் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைப்பதுண்டு. செலவு குறைவு, ஓர் ஆளே பார்த்துக்கொள்ளலாம். வெள்ளமோ தீயோ வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும் என்பதே அதன் விலை.

அந்த விலையை உலகம் கண்டிருக்கிறது. 2011 மார்ச் 11 சுனாமியில், ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் கீழ்த்தளத்திலிருந்த சுவிட்ச்கியரும் அவசர மின்னாக்கிகளும் மூழ்கின. சற்று உயரத்திலிருந்த ஒரு மின்னாக்கி மட்டும் தொடர்ந்து ஓடி, 5, 6-ஆம் உலைகளைக் காப்பாற்றியது. தெலங்கானாவின் ஸ்ரீசைலத்தில், 2020 ஆகஸ்ட் 20 இரவு நிலத்தடி மின்நிலையத்தில் தீ பிடித்தது. 9 பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். ஆக, கருவியை எங்கே வைக்கிறோம் என்பது, ஆள் எப்படித் தப்புவார் என்ற கேள்வியும்தான்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கியபோது, உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க மின் துணைநிலையங்கள் மூடப்பட்டன. தண்ணீரில் நின்ற குடும்பங்கள் இருட்டிலும் இருந்தன. துணைநிலையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அன்று வீட்டுப் பிரச்சினையாகிவிட்டது.

எனவே மாணவர்களே, "முதலில் யார், எந்த ஆண்டு" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஏன் அங்கே வைத்தார்கள், அதனால் என்ன ஆனது" என்றும் எழுதுங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி எதிர்பார்ப்பது அதைத்தான்.

பயிற்சிக்கு:
1. 1894 முதல் 1905 வரை மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு எப்படி மாறியது? விளக்குக.
2. நீர்மின் நிலையத்தில் எந்தக் கருவியை இடம் மாற்றலாம், எதை மாற்றுவது கடினம்? காரணம் தருக.
3. உங்கள் பள்ளியின் மெயின் சுவிட்ச் எந்த உயரத்தில் உள்ளது? ஆசிரியரோடு சென்று, தொடாமல் பார்த்து, வெள்ளம் வந்தால் அது பாதுகாப்பாக இருக்குமா என எழுதுக.