கோலிங்கா தீயும் பொன்வண்டின் உணர்குழியும்: ஒரு மறுவாசிப்பு

மெலனோஃபிலா பேரினத்துக் கரும் பொன்வண்டுகள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் காட்டுத்தீயையும் அகச்சிவப்புக் கதிர்வழி உணர்கின்றன என்ற கருத்து வேரூன்றி வருகிறது. அதற்குப் பெருந்துணையாக நிற்பது, 1920களில் கலிபோர்னியாவின் கோலிங்காவில் எண்ணெய்த் தொட்டி எரிந்தபோது இவ்வண்டுகள் திரளாக வந்தன என்னும் குறிப்பு. அக்குறிப்பு அவ்வளவு சுமையைத் தாங்காது என்பதே என் வாதம்.

தொட்டித் தீயின் கதிர்வீச்சைக் கணித்தவர்கள், வண்டுகள் 25 அல்லது 130 கி.மீ. தொலைவிலுள்ள காடுகளிலிருந்து வந்ததாகக் கொண்டனர். முதலாவதற்குச் சதுர மீட்டருக்கு 0.03 வாட், இரண்டாவதற்கு 0.00013 வாட் உணர்திறன் தேவை என்பது முடிவு. அதுவரை வெளியான ஆய்வுகளில் மிகக் குறைந்த உணர்வு எல்லையோ 0.6 வாட்; பத்துக் கி.மீ.க்கு மேல் அது எட்டாது. 130 கி.மீ. என்று கொண்டால் இடைவெளி சுமார் 4,600 மடங்கு. இந்த இடைவெளி வண்டின் ஆற்றலைக் காட்டவில்லை. முன்கோளின் பிழையைக் காட்டுகிறது. வண்டுகள் கதிரால்தான் வந்தன என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய திறனை அவற்றின்மேல் ஏற்றுவது வட்டவாதம். வெப்ப இரைச்சலே மெல்லிய கதிரைத் தூக்கிக்காட்டும் என்று அவர்கள் தரும் விளக்கம் கணக்கைக் காக்க வந்தது. வண்டில் அளந்து பெற்றதன்று.

புவியியலும் இடம்கொடுக்கவில்லை. தரைமட்டத்தில் 130 கி.மீ. தொலைவுக்குப் புவியின் வளைவு மட்டும் ஏறத்தாழ 1,300 மீட்டரை மறைக்கும். மலைச்சரிவில் இருக்கும் வண்டுக்கு இத்தடை குறையலாம். ஆனால் இடையிலுள்ள காற்றின் நீராவியும் தூசியும் கதிரை உறிஞ்சுவது குறையாது.

அப்படியானால் அழைத்தது எது? விறகுப்புகையிலுள்ள குவயகால் வகைச் சேர்மங்களை இவ்வண்டின் உணர்கொம்பு மிக நுண்ணிய அளவிலும் அறிகிறது. எண்ணெய்ப் புகையில் அவை இராதே என்பர். ஆனால் பகலில் பறக்கும் இவ்வண்டுக்குக் கண்ணும் உண்டு. வானளாவிய கரும்புகையைக் காண அகச்சிவப்பு உணர்குழி வேண்டியதில்லை. காட்டை விட்டுப் பரவித் திரிந்த வண்டுகள் அருகிலேயே இருந்திருக்கவும் கூடும்.

உணர்குழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நடுக்காலின் அடியை ஒட்டிய அக்குழியில் எழுபதளவில் குமிழ் போன்ற உணரிகள் உள்ளன. பறக்கையில் வண்டு நடுக்கால்களைத் தூக்கிக்கொள்வதால் குழி திறந்து நிற்கிறது. சிமெண்டுச் சூளைக்கும் சர்க்கரை ஆலையின் கொதிபாகுக்கும் இவ்வண்டுகள் வந்த பதிவுகள், கிட்டத்தில் வெப்பமே வழிகாட்டுகிறது என்பதற்கு வலுவூட்டுகின்றன. கருகிய மரப்பட்டையில் முட்டையிட இடம் தேடும் பெண்வண்டுக்கு, எது தணல், எது தணிந்த கட்டை என்று பிரித்தறிவதே உயிர்ப் பிரச்சினை.

ஆகவே தொலைவுக்குப் புகை, அண்மைக்குக் கதிர் என்ற பங்கீடே கிடைத்துள்ள அளவீடுகளோடு பொருந்துகிறது. இதைத் தீர்க்கப் பழைய குறிப்பு போதாது. குழியை மூடிய வண்டுகளையும் மூடாதவற்றையும் அடையாளமிட்டு, தீயிலிருந்து அளந்த தொலைவுகளில் விட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை 130 கி.மீ. என்ற எண்ணைப் பாடநூல்களில் ஏற்றாதிருப்பதே முறை.