பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் நாள்

தேர் ஓடுவது ஒரு பொழுது; அதற்கு வடம் பிடிக்க ஆயத்தமாவது பல நாள். சந்தைக்கும் இது பொருந்தும். உலகின் பழைய பெருஞ் சந்தைகள் பல, கோயில் விழாக்களையும் புனிதர் திருநாள்களையும் சார்ந்தே தோன்றின. முதலில் விழா வந்தது. விழாவுக்கு மக்கள் கூடினர். கூடிய மக்களை நாடி வணிகர் வந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டிலே சீன தேசத்தில் இந்த ஒழுங்கு மாறிற்று. அங்கே வணிகர் தாமே ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, அதனை நாடறிந்த விழாவாக்கினர். இணையவழி வாணிபத்தின் வரலாற்றிலே தனியிடம் பெற்ற ‘இரட்டைப் பதினொன்று’ என்னும் விற்பனைத் திருநாள் அதுவேயாகும்.

நவம்பர் மாதம் பதினொன்றாம் நாளை எண்ணால் எழுதினால் நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். மணமாகாத ஆடவனைச் சீனர் வேடிக்கையாக ‘வெறுங்கம்பு’ என்று அழைப்பதுண்டு. நான்கு ஒன்றுகளும் நான்கு வெறுங்கம்புகளாகத் தோன்றவே, நாஞ்சிங் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1993ஆம் ஆண்டளவில் அந்நாளைத் ‘தனியர் தினம்’ எனக் கொண்டாடத் தொடங்கினர் என்பது பரவலாக வழங்கும் கதை. கூடி உண்பதும் கேலி பேசுவதுமன்றி அந்நாளுக்கு வேறு சிறப்பொன்றும் இருக்கவில்லை.

சிறப்பு 2009ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தது. ஹாங்சோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிபாபா நிறுவனத்தின் இணைய அங்காடிகளுள் ஒன்று அப்போது அதிகம் அறியப்படாதிருந்தது. அதன் பொறுப்பிலிருந்த டானியல் சாங் என்பவர், மக்களின் கவனத்தைக் கவர ஒரு நாள் விற்பனையைத் திட்டமிட்டார். அக்டோபரில் சீனரின் தேசிய தின விடுமுறை வருகிறது. டிசம்பர் இறுதியில் ஆண்டிறுதிக் கொள்வனவு வருகிறது. இடைப்பட்ட நவம்பரோ வணிகருக்கு வறண்ட மாதம். ஆயினும், குளிர்கால உடைகளை மக்கள் நாடும் பருவமும் அதுவே. இவற்றையெல்லாம் எண்ணி நவம்பர் 11 தெரிந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டு கலந்துகொண்ட வணிகர் 27 பேரே. பாதி விலைக்குப் பண்டங்கள் கொடுக்கப்பட்டன. அன்றைய விற்பனை 5 கோடியே 20 இலட்சம் யுவான். அடுத்த ஆண்டில் அது 93 கோடியைக் கடந்தது. 2012ஆம் ஆண்டில் 1,910 கோடியாயிற்று. 2019ஆம் ஆண்டில் 26,840 கோடியாக உயர்ந்தது.

இவ்வளவு பெருவெள்ளம் ஒரே நாளில் பாயும்போது அணை தாங்குமா? 2012ஆம் ஆண்டில் அது தாங்கவில்லை. நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்ததும் கோடிக்கணக்கானோர் ஒருங்கே அங்காடியுள் நுழைந்தனர். பணம் செலுத்த முடியாமற் பலர் தவித்தனர். கையிருப்பில் இருந்ததிலும் மிகுதியான பண்டங்கள் விற்கப்பட்டுவிட்டன. இந்த இடர்ப்பாடு நல்லதொரு பாடம் புகட்டிற்று. 2013ஆம் ஆண்டு தொடக்கம், விற்பனை நாளுக்கு முன்னரே செயற்கையாக ஒரு பெருங்கூட்டத்தைக் கணினிகளின் மேல் ஏவி, எந்த இடம் தளர்கிறது, எந்த இடம் முறிகிறது என்று பார்க்கும் ஒத்திகை வழக்கமாயிற்று. நாடகம் அரங்கேறுமுன் ஒத்திகை பார்ப்பது போன்றதே இதுவும். இத்துணை நுண்ணிய கணக்குகளைப் போட்ட பொறியியலாளர்களே, வணிகரின் காவல் தெய்வமாகப் போற்றப்படும் படைத்தலைவன் குவான் யூவின் படத்தை வைத்து வணங்கியதும் உண்டு. 2019இல் ஒரு வினாடிக்கு 5 இலட்சத்து 44 ஆயிரம் கொள்வனவுகள் என்னும் உச்சத்தை அக்கணினிகள் தாங்கின.

கணினியில் விற்பது வினாடிப் பொழுது. வாங்கியவன் வாசலில் பண்டத்தைச் சேர்ப்பதோ அத்துணை எளிதன்று. தொடக்க ஆண்டுகளில் பொதிகள் மலைபோற் குவிந்து, நாட்கணக்கில் தேங்கிக் கிடந்தன. ‘பண்டகசாலை வெடித்தது’ என்றே சீனர் இந்நிலையைக் குறித்தனர். இதற்குத் தீர்வு காண 2013ஆம் ஆண்டில் சைனியாவோ என்னும் விநியோக நிறுவனம் அமைக்கப்பட்டது. எந்த நகரத்தார் எப்பண்டத்தை விரும்புவர் என்பதை முன்கூட்டியே கணித்து, அவர்கள் வாங்குவதற்கு முன்னரே அண்மையிலுள்ள பண்டகசாலைக்கு அதனை அனுப்பிவைக்கும் முறை வளர்ந்தது. அதிவேகப் புகையிரதங்களும் பொதி சுமந்தன. 2021ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஒன்றில் மட்டும் சீனாவின் பொதிச் சேவைகள் கையாண்ட பொதிகள் ஏறத்தாழ 69 கோடியே 60 இலட்சமாம். ஆனால், கடைசிப் படிக்கட்டில் அப்பொதியை ஏந்திச் செல்பவன் மனிதனே. பொதிக்கு இவ்வளவு என்று சிறு கூலி பெறுபவன் அவன். தாமதம் என்று முறையீடு எழுந்தால் அக்கூலியிலும் குறை நேரும். வாங்குவோர்க்கு அது திருநாள். அவனுக்கோ உறக்கமிழந்த நாட்கள்.

சிறு வணிகரின் நிலையும் இத்தகையதே. நவம்பர் விற்பனைக்கு அவர் கோடையிலேயே துணி வாங்கித் தைக்கக் கொடுக்க வேண்டும். மிகுதியாகச் செய்வித்தால் பண்டம் தேங்கும். குறைவாகச் செய்வித்தால் வாய்ப்புத் தவறும். இவற்றோடு இன்னோர் இக்கட்டும் சேர்ந்தது. போட்டி அங்காடியிலும் கடை வைத்திருந்த வணிகரை, ‘இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்’ என்று அலிபாபா வற்புறுத்தி வந்தது. சீனாவின் சந்தை மேற்பார்வை அதிகாரசபை இதனை விசாரித்து, 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நிறுவனத்துக்கு 1,822 கோடியே 80 இலட்சம் யுவான் தண்டம் விதித்தது. சந்தைக்கு இடங்கொடுத்தவன் சந்தைக்கு அரசனாகிவிடலாகாது என்பதே அத்தீர்ப்பின் பொருள் எனலாம்.

இனி, வாங்குவோரின் ஆயத்தத்தைக் காண்போம். சில வாரங்களுக்கு முன்னரே விரும்பிய பண்டங்களை இணையக் கூடையிலிட்டு வைப்பர். முற்பணம் கட்டுவர். இத்தனை யுவானுக்கு வாங்கினால் இத்தனை யுவான் விலைக்கழிவு என்னும் விதிகளோ ஆண்டுதோறும் சிக்கலாகி, கணிதப் பரீட்சைக்கு ஒப்பாயின. கழிவுக்கு வேண்டிய தொகையை எட்டுவதற்காகவே தேவையற்ற பொருளையும் கூடையிற் சேர்த்தோர் பலர். வாங்கி முடிந்தபின் வருந்தி, ‘இனி வாங்கினால் கையைத் துண்டித்துக்கொள்வேன்’ என்று சூளுரைத்தோருக்குக் ‘கைவெட்டிக் கூட்டத்தார்’ என்ற பட்டமும் கிடைத்தது. சீன நுகர்வோர் சங்கம் விலைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சில பண்டங்களின் விலை முன்னரே உயர்த்தப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது தெரியவந்தது. வேறு சில, மற்றைய நாட்களில் அதே விலைக்கோ அதனிலும் குறைவாகவோ கிடைத்தன. 2014ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், இணையவழி வாங்கிய பெரும்பாலான பொருள்களை ஏழு நாட்களுக்குள் காரணங் கூறாமலே திருப்பிக் கொடுக்கும் உரிமையை வழங்கியது ஓரளவு ஆறுதலாகும்.

காலப்போக்கில் ஆயத்தமே விழாவை விழுங்கிவிட்டது. 2020இல் விற்பனை நவம்பர் முதலாம் நாளே தொடங்கிற்று. 2024இல் அக்டோபர் நடுப்பகுதிக்கே வந்துவிட்டது. ஒரு நாள் விழா நான்கு வாரமாய் நீண்டபோது அதன் பரபரப்பும் நீர்த்துப்போயிற்று. ஆண்டுதோறும் மொத்த விற்பனையைப் பெருமையுடன் பறைசாற்றிய அலிபாபா, 2022ஆம் ஆண்டில் அத்தொகையை வெளியிடாது விட்டது.

இது தூரதேசத்துக் கதையென்று இலங்கை நேயர்கள் ஒதுக்கிவிடுவதற்கில்லை. இலங்கையிலும் இயங்கிவந்த தராஸ் என்னும் இணைய அங்காடியை அலிபாபா 2018ஆம் ஆண்டில் வாங்கியது. அவ்வாண்டு முதல் நவம்பர் பதினொன்று இலங்கை இல்லங்களின் கைத்தொலைபேசிகளிலும் ஒலிக்கலாயிற்று.

வணிகர் ஆறு மாதம் ஆயத்தமாகிறார். கணினி ஒத்திகை பார்க்கிறது. பண்டகசாலை முன்கூட்டியே நிரம்புகிறது. எல்லோரும் ஆயத்தமாகி வரும் அச்சந்தைக்கு ஆயத்தமின்றி வருபவன், பெரும்பாலும் வாங்குபவனே. வீட்டுக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, அவற்றின் வழக்கமான விலையையும் பக்கத்திற் குறித்துவைப்பதற்குக் கால் மணி நேரம் போதும். அத்தாள் கையிலிருப்பவனுக்கு அந்நாள் ஆதாயம். இல்லாதவனுக்கு அது வணிகரின் திருநாள் மட்டுமே.