மூன்றாவது ஓட்டை

இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து என்ற பிரதேசத்தில் க்ராக்சைட் என்று ஒரு மாளிகை இருக்கிறது. பீரங்கி செய்து பெரும் பணக்காரரான வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் கட்டியது. பக்கத்து ஏரித் தண்ணீரை இறக்கி, டர்பைனைச் சுற்ற வைத்து, டைனமோவை ஓட்டி, 1878-லேயே வீட்டுக்குள் மின்சார விளக்கு போட்டுவிட்டார் மனுஷர். 1880-ல் நண்பர் ஜோசப் ஸ்வான் உருவாக்கிய புத்தம்புது பல்புகளும் வந்து சேர்ந்தன.

நூலகத்தில் விளக்கை ஏற்றி அணைக்க அவர் செய்த ஏற்பாடுதான் வேடிக்கை. எனாமல் பூசிய செம்பு ஜாடி, அதன் தலையில் பல்பு. ஜாடிக்குள்ளே ஒரு வயர். அடியில் பாதரசம். ஜாடியை அதன் இடத்தில் வைத்தால் விளக்கு எரியும், தூக்கினால் அணையும். ஸ்விட்சுக்கே வேலை இல்லை. சரி, மின்சாரம் திரும்பிப் போக இன்னொரு வயர் வேண்டாமா? வேண்டாம், ஜாடியின் உடம்பே போதும்! இதை 1881-ல் ஒரு பொறியியல் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதிப் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு எந்த எலக்ட்ரீஷியனிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். கையில் இருக்கும் டெஸ்டரைக் கீழே போட்டுவிடுவார். கரண்ட் ஓடுகிற பாத்திரத்தைக் கையால் தூக்கி வைப்பதாவது!

ஆர்ம்ஸ்ட்ராங் அசடு இல்லை. மின்சாரத்தை எப்படி நடத்த வேண்டும் என்று அப்போது யாருக்குமே தெரியாது. கேஸ் விளக்குக்குக் குழாய் போட்டவர்களும், அழைப்பு மணிக்குக் கம்பி இழுத்தவர்களும்தான் முதல் எலக்ட்ரீஷியன்கள்.

லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டு மாளிகையில், பின்னாளில் பிரதமரான சாலிஸ்பரி பிரபுவும் 1881-ல் மின்சாரம் இழுத்தார். உறை இல்லாத வெறும் கம்பிகள்தான் கூரையோரம் ஓடின. ஒருநாள் மாலை விருந்தினர்கள் இருக்கும்போதே மேலே கம்பி தீப்பற்றிக்கொண்டது. வீட்டுப் பிள்ளைகள் சோபாத் திண்டுகளை எடுத்து மேலே வீசி நெருப்பை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அரட்டையைத் தொடர்ந்தார்களாம். பிரபுவின் மகள் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் வருகிறது.

சிரித்துவிடலாம். ஆனால் 1881 டிசம்பரில், அதே மாளிகைத் தோட்டத்தில் வேலை செய்த இளைஞர் ஒருவர் கம்பியைத் தொட்டு, அங்கேயே விழுந்து இறந்துபோனார். பிரிட்டனில் மின்சாரம் வாங்கிய முதல் சில உயிர்களில் அது ஒன்று.

திண்டை வீசினால் தீ அணைந்துவிடும். தோட்டக்காரருக்கு எதை வீசுவது?

வீட்டு வயரிங்கின் சரித்திரம் உண்மையில் இரண்டு சரித்திரங்கள். கட்டடத்தைக் காப்பாற்றிய கதை ஒன்று, மனிதனைக் காப்பாற்றிய கதை இன்னொன்று. முதல் கதை சீக்கிரம் ஆரம்பித்தது. இரண்டாவது உருப்படியாக நடக்க ஏறக்குறைய எண்பது வருடம் ஆயிற்று.

1882-ல் லண்டனில் தந்தி, மின்சாரப் பொறியாளர்களின் சங்கம் உலகின் ஆரம்பகால வயரிங் விதிகளில் ஒன்றை வெளியிட்டது. மொத்தம் நாலே பக்கம். மனிதனுக்கு ஏற்படும் ஆபத்து பற்றிக் கடைசியில் சில விதிகள் உண்டு. ஆனால் தலைப்பைப் பாருங்கள்: மின்விளக்கால் ஏற்படும் தீ விபத்துகளைத் தடுப்பதற்கான விதிகள். தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அதே வருடம் தங்கள் பங்குக்கு விதி போட்டன. எரிந்தால் பணம் கொடுப்பவர்கள் அவர்கள்தானே! (அந்த நாலு பக்கம் இன்று 18-வது பதிப்பாகி, 500 பக்கத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது.)

பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதே 1882-ல் நியூயார்க்கில், கோடீஸ்வரர் ஜே.பி. மார்கனின் மாடிசன் அவென்யூ வீட்டுக்கு எடிசனின் ஆட்கள் விளக்கு போட்டார்கள். நீராவி எஞ்சின் எழுப்பிய சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டு அம்மாளின் புகார் ஒருபுறம். இன்னொருபுறம், மார்கனின் மேஜை விளக்குக்குப் போன வயர் கோளாறாகி, மேஜையும் கம்பளமும் கருகிப்போயின. எடிசனின் கூட்டாளி ஜான்சன் திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றார். மார்கன் திட்டவில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, மறுபடி சரியாகப் போடச் சொல்லிவிட்டார். முதலீடு செய்தவர் அல்லவா!

இந்தத் தீக்கு எதிராக வந்த காவல்காரன்தான் ஃப்யூஸ். சூத்திரம் எளிது. வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் வயர் சுடும். சுட்டால் உறை எரியும். உறை எரிந்தால் வீடு எரியும். ஆகவே வழியில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே பலவீனமான கம்பி ஒன்றை வை. எடிசன் காலத்தில் அது ஈயம். வயர் சூடாகும் முன் அது உருகித் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும். பாதை அறுந்துவிடும்.

நம் வீடுகளின் பீங்கான் ஃப்யூஸ் கட்டையை நினைவிருக்கிறதா? அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்று, மெல்லிய கம்பிக்குப் பதிலாக நாலு புரி தாமிரக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு 'இனிமே போகவே போகாது சார்' என்பார்களே... சத்தியமான வார்த்தை. அது போகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் போகும்!

சரி, ஃப்யூஸ் சரியாகவே இருக்கிறது. உங்களுக்கு ஷாக் அடித்தால் அது காப்பாற்றுமா? காப்பாற்றாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வீட்டில் 230 வோல்ட். ஈரக் கையோடு இருக்கும் மனித உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 0.23 ஆம்பியர் வருகிறது. ஃப்யூஸ் 5 ஆம்பியருக்கானது. நீங்கள் துடித்துக்கொண்டிருக்கும்போது, ஃப்யூஸின் பார்வையில் நீங்கள் ஒரு 50 வாட் பல்பு. ஏதோ ஒரு அறையில் யாரோ விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று சும்மா இருக்கும். இப்போது எல்லா வீட்டிலும் உள்ள எம்.சி.பி.யும் இந்த விஷயத்தில் அதே ஜாதிதான். சாதாரண எம்.சி.பி. காப்பது வயரை.

ஆரம்பத்தில் இது பெரிய பிரச்னையாகத் தெரியவில்லை. விளக்கு கூரையில் தொங்கியது. யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹீட்டர் என்று கையால் பிடிக்கிற சாமான்கள் வந்தன. சுவரில் சாக்கெட் கூடக் கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார்கள். நம் ஊரிலும் இது வெகுகாலம் நடந்தது. இரும்புச் சாமானுக்குள்ளே ஒரு வயர் உறை கிழிந்து உடம்பில் பட்டால், சாமான் முழுவதும் கரண்ட். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஜாடி மாதிரி. ஒரே வித்தியாசம், தொடுபவருக்குத் தெரியாது.

இதற்கு மாற்றுதான் மூன்றாவது வயர். சாமானின் உலோக உடம்பை நேராகப் பூமியோடு கட்டிவிடுவது. உள்ளே வயர் கிழிந்து பட்டதும், மின்சாரம் அந்தச் சுலபமான வழியில் வெள்ளமாய்ப் பாயும், ஃப்யூஸ் போய்விடும். யாரும் தொடுவதற்கு முன்பே கதை முடிந்துவிடும். வீட்டின் பின்புறம் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுகிறோமே, அது இதற்காகத்தான்.

பிரிட்டன் 1934-ல் உருண்டைப் பின் வைத்த ப்ளக்குகளுக்கு ஒரு தரநிலை வகுத்தது. மேலே தடியாக, நீளமாக எர்த் பின். நீளம் அழகுக்கு இல்லை. செருகும்போது எர்த் முதலில் இணைய வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும். உங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் இருப்பது அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

பிரிட்டனில்? 1942-ல், யுத்தத்துக்குப் பிறகு கட்டப்போகும் வீடுகளுக்கு வயரிங் எப்படி என்று யோசிக்க ஒரு குழு அமைத்தார்கள். செம்புக்கோ பஞ்சம். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஃப்யூஸ் போர்டிலிருந்து தனி வயர் இழுத்துக் கட்டுப்படியாகாது. எனவே ஒரே வயரை வீடு முழுக்க வளையமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கலாம் என்றார்கள். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரும், செம்பு மிச்சம். ஆனால் வளையத்துக்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ் வேண்டும். மேஜை விளக்கின் ஒல்லி வயரை அது எப்படிக் காப்பாற்றும்? சரி, ஒவ்வொரு ப்ளக்குக்குள்ளும் ஒரு குட்டி ஃப்யூஸ்! லண்டன் ப்ளக் அத்தனை பெரிதாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அந்தக் குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார். கரோலின் ஹாஸ்லெட். பெண்களுக்கு மின்சாரத்தைச் சொல்லிக்கொடுக்க 1924-ல் தொடங்கிய சங்கத்தின் முதல் இயக்குநர். தவழும் குழந்தை சாக்கெட்டில் குச்சியை விட்டால் என்ன ஆகும் என்ற கவலையைக் குழுவில் வற்புறுத்தியவர் அவர். விளைவு: கீழ் ஓட்டைகளுக்கு மூடி. மேலே நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் மூடி விலகும். 1944-ல் அறிக்கை, 1947-ல் புதிய சதுரப் பின் ப்ளக். நம்மை விட்டுப் போன அதே வருடம், வெள்ளைக்காரன் உருண்டைப் பின்னையும் விட ஆரம்பித்தான். நாம் விடவில்லை. (1957-ல் இறந்த ஹாஸ்லெட், தன்னை மின்சாரத்தால்தான் தகனம் செய்ய வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள்.)

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. மனிதன் எவ்வளவு மின்சாரம் தாங்குவான்? கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், தொண்டர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். எந்த அளவில் கை தானாக இறுகி, கம்பியை விட முடியாமல் போகிறது? ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதாவது 5 ஆம்பியர் ஃப்யூஸ் தூங்கிக்கொண்டிருக்கும் அளவில் முந்நூறில் ஒரு பங்கு போதும், நம் கை நம் பேச்சைக் கேட்காது.

1961-ல் அவரே ஒரு கருவி செய்தார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலும் ஐரோப்பாவிலும் அதற்கு முன்பே வேறு சிலர் இதே வழியில் முயன்றிருந்தார்கள். கருவி ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. ஒரு வயரில் போன மின்சாரம் மற்ற வயரில் முழுசாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கும். குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது. ஒருவேளை ஒரு மனிதன் வழியாக. அடுத்த கணம் 'டப்'! நம் ஊரில் ஆர்.சி.சி.பி. என்று விற்கிறார்கள், பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். வீடுகளுக்கானது 30 மில்லி ஆம்பியர். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் கணக்குப்பிள்ளை செத்துவிட்டார்.

அதுதான் இருக்கிறதே, எர்த் எதற்கு என்று கேட்காதீர்கள். எர்த் இருந்தால், நீங்கள் தொடும் முன்பே அது டிரிப் ஆகும். எர்த் இல்லையென்றால், நீங்கள் தொட்ட பிறகு.

நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பின் ப்ளக் நுழையவில்லை என்றால் மேல் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு மூடியை விலக்குகிறோம். ஹாஸ்லெட் அம்மையார் குழந்தைக்குப் போட்ட பூட்டைப் பெரியவர்கள் திறக்கிறோம். கிரைண்டரின் மூன்று வயரில் பச்சையை வெட்டிவிட்டு இரண்டை மட்டும் கட்டுகிறோம்.

பழைய வீடாக இருந்தால் ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மேல் ஓட்டைக்குப் பின்னால் நிஜமாகவே வயர் இருக்கிறதா என்று கேளுங்கள். "அது சும்மா சார், அதுல கரண்ட்டே வராது" என்று சொன்னாலும் சொல்வார்.

வாஸ்தவம்தான். வருஷம் பூரா அதில் கரண்ட் வரக்கூடாது. வருகிற அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த ஓட்டை.