பீரில் கலந்த பாடாணமும் பினாங்கு நோயாளரின் தலைமுடியும்

பாடாணம் என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவ நூல்கள் பாடாணங்களை வகைப்படுத்திப் பேசுகின்றன. பழனியாண்டவர் திருவுருவம் நவபாடாணத்தால் ஆனது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. கூத்துக் கலைஞர் முகத்தில் இடும் பூச்சுக்கு அரிதாரம் என்று பெயர். அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிப்பொருள். அதே கனிப்பொருளைக் குறித்த பாரசீகச் சொல்லொன்று கிரேக்கத்துக்குச் சென்று உருமாறி, இலத்தீன் வழியாக 'ஆர்செனிக்' என வழங்கலாயிற்று. கிழக்கும் மேற்கும் இப்பொருளை அதன் நிறத்தைக் கொண்டே பெயரிட்டு அறிந்தன. ஆனால் உணவிலும் நீரிலும் கரைந்து உடலுக்குள் செல்லும் ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே அது உண்டாக்கும் நோய் பலமுறை வேறு நோய்களின் பெயரைப் பெற்று உலவியிருக்கிறது. அவ்வாறு உலவிய நிகழ்ச்சிகளுள் 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்தது பெரிது. அதன் கிளையொன்று மலாயா வரை நீண்டது என்பது இந்நாட்டில் பலரும் அறியாத செய்தி.

மான்செஸ்டரும் அதனை ஒட்டிய சால்ஃபோர்டும் பஞ்சாலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த நகரங்கள். ஆலைவேலை முடிந்தபின் ஆணும் பெண்ணும் மலிவான பீர் அருந்துவது அங்கே அன்றாட வழக்கம். 1900-ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடங்கி, அந்நகரங்களின் மருத்துவமனைகளுக்கு ஒரே வகை நோயாளிகள் மிகுதியாக வரலாயினர். முதலில் வாந்தியும் கண்ணில் நீர் வடிதலும் தோன்றும். பின்னர்க் கைகால் விரல்களில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு உண்டாகும். அதன்பின் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாத நோவு. இறுதியில் தசை சூம்பி நடை தளரும். சிலர் எழவே இயலாது கிடந்தனர். சிலர் இதயம் சோர்ந்து மாண்டனர்.

மருத்துவர்களுக்கு இதில் வியப்பொன்றும் தோன்றவில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்போருக்கு நரம்புகள் நலிந்து கைகால் விழுவது அவர்கள் அறிந்த நோய்தான். 'குடிகாரர் நரம்பழற்சி' என்று அதற்குப் பெயரும் இருந்தது. நோயாளிகளோ பீர் குடிப்பவர்கள், ஏழைகள். எனவே அப்பெயரையே எழுதினர். அந்தப் பெயர் நோயைக் குறித்ததோடு நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் இருந்தது. மிகுதியாகக் குடிப்பதில்லை என்று நோயாளிகள் சொன்னால், குடிகாரர் தம் குடியை மறைப்பது இயல்பே என்று அதனைத் தள்ளிவிடுவது எளிதாயிற்று. மாதங்கள் பல கழிந்தும் உண்மை வெளிவராமைக்கு இம்மனப்பான்மையே முதற் காரணம் என்று சொல்வது தவறாகாது.

மான்செஸ்டரில் வறியோரை வைத்துக் காக்கும் ஏழையர் விடுதியின் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் இதனை வேறு விதமாக நோக்கினார். அவர் கண்ணில் பட்டவை மூன்று. நரம்பு நோயாளிகள் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்திருந்தன, தோல் கறுத்திருந்தது. இவை குடியால் வரும் குறிகள் அல்ல. அடுத்து, அக்கி கண்டவர்களின் தொகை அவ்வாண்டில் வழக்கத்தை விடப் பெருகியிருந்தது. அக்காலத்தில் ஆர்செனிக் ஒரு மருந்தாகவும் இருந்தது. 1786 முதல் 'ஃபவுலர் கரைசல்' என்ற பெயரில் காய்ச்சலுக்கும் தோல் நோய்க்கும் அதனைக் கொடுத்து வந்தனர். அம்மருந்தை உண்போருக்குச் சில வேளைகளில் அக்கி வருவதும், தோல் கறுத்துத் தடிப்பதும் மருத்துவர் அறிந்தவையே. மூன்றாவதுதான் எல்லாவற்றினும் முக்கியமானது. விஸ்கி முதலிய கடும் மதுவை மிகுதியாக அருந்துவோரை இந்நோய் தீண்டவில்லை. பீர் அருந்துவோரையே பற்றிற்று. மதுவே காரணமாயின், மதுச்சத்து மிகுந்ததைக் குடிப்பவர் அன்றோ முதலில் விழ வேண்டும்?

ரெனால்ட்ஸ் தம் நோயாளிகள் அருந்திய பீரை வரவழைத்துச் சோதித்தார். சோதனை எளியது, பள்ளிக்கூட இரசாயன அறையிலும் செய்யக்கூடியது. சோதிக்க வேண்டிய நீரில் சிறிது அமிலம் சேர்த்து, தூய செம்புத் தகட்டுத் துண்டொன்றை இட்டுக் கொதிக்க வைத்தால், ஆர்செனிக் இருக்குமாயின் செம்பின் மேல் கருஞ்சாம்பல் நிறப் படலம் படியும். படிந்தது. 1900 நவம்பரில் அவர் தம் முடிவை வெளியிட்டார். 1901 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். நோயுற்றோர் ஏறத்தாழ 6,000 பேர் என்றும் இறந்தோர் குறைந்தது 70 பேர் என்றும் பின்னர்க் கணக்கிடப்பட்டது.

பீருக்குள் நஞ்சு வந்த வழி வியப்புக்குரியது. பழங்காலப் பீர் முளைகட்டிய வாற்கோதுமையாகிய மால்ட்டிலிருந்து வடிக்கப்பட்டது. 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட்டின் மீதிருந்த வரியை நீக்கிப் பீரின் மீது வரி விதித்தார். அதனால் மால்ட்டுக்கு மாற்றாக மலிவான சர்க்கரையைப் பயன்படுத்தத் தடையில்லாது போயிற்று. இச்சர்க்கரையைச் செய்ய மாவுப்பொருளை நீர்த்த கந்தகத் திராவகத்தில் கொதிக்க வைப்பர். பின் சுண்ணாம்புக் கல்லால் அமிலத்தைப் போக்குவர். அமிலம் போகும், அதில் ஆர்செனிக் இருந்தால் அது சர்க்கரையிலேயே தங்கிவிடும். கந்தகத் திராவகத்தில் ஆர்செனிக் எவ்வாறு வந்தது? தூய கந்தகத்தை எரித்துச் செய்யாமல், இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட்டுக் கல்லை எரித்துச் செய்தால் திராவகம் மலிவாகக் கிடைக்கும். பைரைட்டுக் கல்லில் ஆர்செனிக் இயற்கையாகவே உண்டு.

லிவர்பூலை அடுத்த கார்ஸ்டனில் இருந்த பாஸ்டாக் நிறுவனம் பல மதுவாலைகளுக்குச் சர்க்கரை விற்றது. அதற்குத் திராவகம் கொடுத்தது லீட்ஸ் நகரின் நிக்கல்சன் நிறுவனம். முன்பு ஆர்செனிக் நீக்கிய திராவகத்தையே அனுப்பிவந்த நிக்கல்சன், 1900 மார்ச் முதல் நீக்காத திராவகத்தை அனுப்பிற்று. அது உணவுப் பொருள் செய்வதற்கென்று தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவர்களுடைய வாதம். வாங்கியவர் சோதித்துப் பார்க்கவில்லை, மதுவாலைக்காரரும் சோதிக்கவில்லை. வழக்கு 1904-இல் முடிந்தது. பாஸ்டாக் நிறுவனத்துக்குத் திராவகத்தின் விலையும் அதனோடு சேர்ந்து கெட்ட பொருள்களின் விலையுமே கிடைத்தன. மதுவாலைகளுக்குத் தரவேண்டிய இழப்பீட்டை நிக்கல்சன் மீது சுமத்த நீதிமன்றம் இசையவில்லை. கைகால் விழுந்த ஏழையர் இந்த வழக்கில் ஒரு தரப்பினராகவே இல்லை.

அரசாங்கம் 1901-இல் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. பௌதிக விஞ்ஞானத்தில் பெரும்புகழ் பெற்ற கெல்வின் பிரபு அதன் தலைவர். 1903-இல் வெளியான இறுதி அறிக்கை, ஒரு கேலன் பானத்தில் ஒரு கிரெயினில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஆர்செனிக் இருத்தலாகாது என்றது. உணவுப் பொருளாயின் ஒரு பவுண்டுக்கு அதே அளவு. முன்னைய ஆண்டுகளில் குடியின் மேல் பழி சுமத்தப்பட்ட நரம்பு நோய்களுள் எத்தனை உண்மையில் ஆர்செனிக்கால் வந்தவை என்னும் வினாவும் அப்போது எழுந்தது.

இவ்வினாவைப் பின்தொடர்ந்தே கதை மலாயாவுக்கு வருகிறது. அன்று மலாயாவில், சிறப்பாக ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளரிடையே, பெரிபெரி என்னும் நோய் ஆண்டுதோறும் பெருந்தொகையினரை மாய்த்து வந்தது. அதிலும் கால்கள் மரத்து நடை தளரும், இதயம் சோரும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897-இல் இந்தியாவில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் அப்போது லிவர்பூல் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் இருந்தார். மான்செஸ்டர் நோயும் பெரிபெரியும் ஒத்திருப்பதைக் கண்ட அவருக்கு, பெரிபெரியும் ஆர்செனிக்கால் வருவதாக இருக்கலாகாதா என்னும் ஐயம் பிறந்தது. உடலில் சேரும் ஆர்செனிக் முடியிலும் நகத்திலும் தங்கும். ஆகவே முடியைச் சோதித்தால் புலப்படும். பினாங்கிலிருந்த பெரிபெரி நோயாளிகளின் தலைமுடியிலுள்ள ஆர்செனிக்கைப் பற்றி ராஸும் ரெனால்ட்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1902-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

இக்கருத்து நிலைக்கவில்லை. முடியில் ஆர்செனிக் இருப்பது அது உடலுக்குள் சென்றதைக் காட்டுமேயன்றி, நோய்க்கு அதுவே காரணம் என்று காட்டாது. ஆயினும் இதனை வீண் முயற்சி என்று இகழ்வது முறையன்று. இரு நோய்களும் ஒத்திருக்கின்றன என்று கண்ட கண் சரியான கண்ணே. காரணத்தை மட்டும் வேறிடத்தில் தேட வேண்டியிருந்தது.

அக்காரணத்தை மலாயாவிலேயே கண்டனர். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், யார் எந்த அரிசி உண்கிறார் என்று பார்த்தார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனரைப் பெரிபெரி வாட்டிற்று. இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளருக்கு அது அரிதாகவே வந்தது. வீட்டில் குற்றிய அரிசியை உண்ட மலாய்க்காரருக்கும் அவ்வாறே. தோட்டத்துத் தமிழரை மலேரியாவும் கொக்கிப்புழுவும் வாட்டியமை யாவரும் அறிந்தது. ஆனால் இந்த ஒரு நோயிலிருந்து அவர்களைக் காத்தது நெல்லை அவித்துக் காயவைக்கும் பழைய வழக்கமே. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெச்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி பரவி 18 பேர் இறந்தனர். மறுபிரிவில் புதிதாக ஒருவரையும் நோய் பற்றவில்லை. இத்தகைய சோதனையை இக்காலத்தில் எவரும் அனுமதியார். அந்த 18 பேரைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதுமில்லை.

பிராடனும் 1907-இல் எழுதிய நூலில், பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்றே கொண்டார். ஆர்செனிக்கை விட்டாரேயன்றி நஞ்சு என்னும் எண்ணத்தை விட்டாரில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் 1909-இல் அதனை மாற்றினர். ஜெலெபு வட்டாரத்தில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடம் செய்த ஆராய்ச்சியின் பயனாக, நோய்க்குக் காரணம் அரிசியில் உள்ள ஒன்று அன்று, தவிட்டோடு போய்விட்ட ஒன்று என்று காட்டினர். 1926-இல் ஜாவாவில் டச்சு ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்த அச்சத்துக்குத் தயமின் என்று இன்று பெயர். குடிகாரருக்கு வரும் நரம்பு நோயிலும் இத்தயமின் குறைவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மான்செஸ்டரில் குறைகூறப்பட்ட பழைய பெயரும் முற்றிலும் பொய்யன்று. அவ்வாண்டின் நோயாளிகளுக்குப் பொருந்தாதது, அவ்வளவே.

கெல்வின் குழு விதித்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.14 மில்லிகிராம் ஆகும். 1993-இல் உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறித்த அளவு 0.01 மில்லிகிராம், அதாவது பதினான்கில் ஒரு பங்கு. சிறிதளவு ஆர்செனிக்கைப் பல்லாண்டுகள் அருந்தினால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகும் என்பது இடையில் தெளிவானதே இக்குறைப்புக்குக் காரணம். வங்காளத்தில் குளத்து நீரால் வரும் வாந்திபேதியைத் தடுக்க 1970-களில் பரவலாக இறக்கப்பட்ட குழாய்க்கிணறுகளில், மண்ணடுக்கிலிருந்தே ஆர்செனிக் கரைந்து வந்தது. உள்ளங்கை தடித்து வந்தவர்களைக் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா 1983-இல் அடையாளம் கண்டார். பங்களாதேஷில் 1993-இல் தெரியவந்தது. ஊரார் பலர் அதனைத் தொழுநோய் என்றெண்ணி அவர்களை ஒதுக்கினர். மலேசியாவுக்கு அண்மையில், தென் தாய்லாந்தின் ரோன் பிபூன் என்னும் ஈயச் சுரங்க வட்டாரத்திலும் 1987-இல் இதே தோல் நோய் கண்டறியப்பட்டது. ஈயமணலோடு தோண்டியெடுத்துக் கொட்டிய கழிவுக் கல்லிலிருந்து அங்கே ஆர்செனிக் ஆழமற்ற கிணறுகளில் இறங்கியிருந்தது.

அரிசியும் இக்கதையை விட்டு விலகவில்லை. நீர் தேங்கிய வயலில் காற்று புகாமையால் மண்ணிலுள்ள ஆர்செனிக் கரைந்து வெளிப்படும்; நெற்பயிரின் வேர் சிலிக்கானை உறிஞ்சும் வழியாகவே அதனையும் உறிஞ்சும். அது மணியில் மிகுதியாகச் சேருமிடம் தவிடு. பெரிபெரியைத் தீர்த்த அதே தவிட்டில்! இதனால்தான் உலக உணவுத் தரக்குழு 2014-இல் தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றும், 2016-இல் உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 0.35 மில்லிகிராம் என்றும் வெவ்வேறு வரம்பு குறித்தது. நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால், நீர் தூயதாயிருக்குமாயின், ஆர்செனிக்கின் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். தயமினும் ஓரளவு அதனோடு போகும். புழுங்கலரிசியில் அச்சத்து அவிக்கும்போதே மணியின் உட்புறம் ஏறியிருப்பதால் இழப்பு குறைவு.