டெஃப்லிம்பிக் விளையாட்டுகள்

காது கேளாத வீரர்களுக்கென்று நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் சர்வதேச விளையாட்டுப் பெருவிழா டெஃப்லிம்பிக் எனப்படும். இரண்டாம் உலக யுத்தத்தில் முதுகுத்தண்டு சேதமுற்றோருக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948-இல் தோன்றிப் பின்னர் பாராலிம்பிக்காக விரிவடைந்த போட்டிகளுக்கு இது இருபத்துநான்கு ஆண்டுகள் மூத்தது. அவை ஒரு வைத்தியரின் யோசனையில் பிறந்தவை. இதுவோ காது கேளாதவர்கள் தாமே முயன்று தமக்காக ஏற்படுத்திக்கொண்ட ஸ்தாபனம்.

சைகைப் பாஷையைப் பள்ளிக்கூடங்களிலிருந்து விலக்குவதும், பேச்சில்லாதவனுக்குப் புத்தியும் இல்லை என்று கருதுவதும் ஐரோப்பாவில் சகஜமாயிருந்த காலத்தில், பிரெஞ்சு தேசத்துக் காது கேளாதோர் விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவரும் தாமும் செவிப்புலன் அற்றவருமான யூஜீன் ரூபன்ஸ்-அல்கே என்பவர், பெல்ஜியத்தைச் சேர்ந்த அந்துவான் திரெஸ் என்னும் இளைஞரின் துணையோடு இப்பிரயத்தனத்தில் இறங்கினார். பாரிஸ் நகரம் ஒலிம்பிக் விழாவை நடத்தி முடித்த அதே 1924-ஆம் ஆண்டில், ஆகஸ்டு 10 முதல் 17 வரை, அந்நகரத்துப் பெர்ஷிங் மைதானத்தில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த 148 பேர் போட்டியிட்டனர். அவற்றுள் மூன்று நாடுகளில் அப்போது தேசியச் சம்மேளனம் என்று ஒன்று இருக்கவுமில்லை. போட்டி முடியுமுன்பே நிரந்தரமான சர்வதேசக் கமிட்டியும் அமைந்துவிட்டது.

1939-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பிறகு யுத்தத்தால் பத்தாண்டுகள் தடைப்பட்ட விழா, 1949-இல் கோபன்ஹேகனில் மீண்டும் தொடர்ந்தது. அவ்வாண்டே ஆஸ்திரியாவின் சேஃபெல்டில் குளிர்கால விழாவும் தொடங்கியது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் 1955-இலும், இப்போதைய பெயர் 2001-இலும் கிடைத்தன. ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதல் விழா நடந்தது 1965-இல், வாஷிங்டனில்.

நன்கு கேட்கும் காதிலும் 55 டெசிபெலுக்குக் குறையாத கேள்வியிழப்பு உடையவரே இதில் கலந்துகொள்ளலாம். ஒருவருக்குக் கேட்பதும் மற்றவருக்குக் கேளாததும் அநியாயமாகும் என்பதால், களத்தில் செவிக்கருவியைக் கழற்றிவிட வேண்டும். மற்றபடி விளையாட்டின் விதிகளில் மாறுதல் மிகச் சொற்பமே. ஓட்டக்காரர் துப்பாக்கி வெடியை எதிர்பார்ப்பதில்லை. குனிந்திருக்கும் அவர் கண்ணெதிரே தரையில் வைத்த விளக்கு நிறம் மாறியதும் பாய்கிறார். கால்பந்து நடுவர் விசிலுக்குப் பதிலாகக் கொடியை வீசுகிறார். ஓடவும் நீந்தவும் பந்தடிக்கவும் இவர்களுக்கு ஒரு குறையுமில்லை என்பதையும், குறை இருந்ததெல்லாம் அறிவிக்கும் முறையில்தான் என்பதையும் இவ்வளவு தெளிவாக விளங்கவைக்கும் ஏற்பாடு வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பாராலிம்பிக் ஸ்தாபனத்தோடு சில காலம் இணைந்திருந்த இவ்வமைப்பு 1995-இல் விலகியது. சைகையால் ஒருவரோடொருவர் கலந்து பழகும் சமூகம் தன் நிர்வாகத்தைத் தானே நடத்த விரும்பியது இயல்பே. ஆயினும் பாராலிம்பிக்குக்குக் கிட்டிய விளம்பரமும் பொருளுதவியும் இதற்குக் கிட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொற்றுநோயால் தள்ளிப்போய் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரேசில் தேசத்துக் காசியாஸ் டோ சுல் நகரில் நடந்த விழாவில் இந்தியா எட்டுத் தங்கம் உட்பட 16 பதக்கங்கள் பெற்றது. அவற்றுள் மூன்று தங்கங்கள் மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா இறகுப்பந்தில் தனியாகவும் பிறரோடு சேர்ந்தும் வென்றவை. இருபத்தைந்தாவது கோடைக்கால விழா 2025 நவம்பரில் டோக்கியோவில் நடைபெற்றது.